முப்பது நொடியில் மறந்துவிடும் காவலர்கள்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் அக்காவோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த மஞ்சள் முக்கோணத்தை முதன்முதலாக வெளியில் பார்த்தேன். அதுவரை அது என் கம்ப்யூட்டர் திரைக்குள் மட்டும்தான் இருந்தது.

எதிரே டீக்கடை பெஞ்சில் எங்கள் பெரியப்பாவின் சிநேகிதர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் பேப்பர். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது அவர் முகம் ரோட்டுப் பக்கம் திரும்பும். ஒரு மடக்கு குடித்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போகும். அவர் கண்ணிலிருந்து வெளிச்சம் ஒன்று முக்கோணமாக விரிந்து, ரோட்டைத் தடவி, பூக்காரம்மாவின் கூடை வரைக்கும் வந்து திரும்பியதை நான் பார்த்தேன். வெயிலில் தலை கிறுகிறுத்ததாக நினைக்க வேண்டாம். காலை ஏழேகால் மணி.

"எக்கா, அவரு அடுத்த மடக்கு குடிக்கதுக்குள்ள கடந்துரலாம். நாலு செகண்டு இருக்கு."

"என்னலே உளறுத?"

"வான்னா வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடந்தேன். அவர் டம்ளரைத் தூக்கியபோது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸின் மறுபக்கம் இருந்தோம். அக்கா மூச்சு வாங்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. இந்த ஊரை விளையாடி ஜெயித்துவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நினைப்புக்கு நான் கொடுத்த பெயர் 'ஐடியா'. அதற்கு விலை கொடுத்தது அக்கா.

முதல் நாள் சாயங்காலம்தான் அவள் என்னிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பிடித்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை ஒன்றில் வேலை செய்பவர். அக்காவின் சர்டிபிகேட்டில் இனிஷியல் தப்பாக விழுந்திருந்தது. அதைத் திருத்த மனு டைப் அடிக்கப் போனவள் மூன்று தடவை போனாள். மனுவில் தப்பு எதுவும் இல்லை.

"வேற ஆளுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

எங்கள் ஊரில் அந்த ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்கும் மேல் விளக்கம் தேவைப்படாது.

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் வேலை. கீழே லைட் எரியும் கண்ணாடி மேஜைமேல் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை விரித்து, கறையோ பிசிறோ இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். சாத்தூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பெரியப்பா பேசி முடித்துக்கொண்டிருந்தார். தை பிறந்ததும் கல்யாணம். எங்கள் வீட்டில் காதுகுத்து, கல்யாணம், இழவு எதுவானாலும் முடிவு பெரியப்பாவுடையதுதான். அவர் பஞ்சு வியாபாரி. அப்பாவை மில்லில் சேர்த்துவிட்டதும் அவர்தான், அதை வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துவதும் அவர்தான். தைக்குள் ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வருவது வரட்டும் என்று அக்காவும் அந்த டைப்பிங்காரரும் முடிவு செய்திருந்தார்கள். அதற்குச் சில தடவை சந்திக்க வேண்டும், காகிதங்கள் கைமாற வேண்டும், ஒரு கண்ணில்கூடப் படக்கூடாது. அக்காவுக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது துணைக்கு ஒரு ஆள். நான் கொண்டுவந்தது ஒரு கேம்.

அந்த கேமின் பெயர் முக்கியமில்லை. அந்த வகையில் எதை எடுத்தாலும் விதி இதுதான். ஒரு கோட்டை. உள்ளே ஒருவர் அடைபட்டிருக்கிறார், அவரை வெளியே கொண்டுவர வேண்டும். சுற்றிலும் காவலர்கள். ஒவ்வொருவன் கண்ணிலிருந்தும் ஒரு மஞ்சள் முக்கோணம், காலைச் சுற்றி ஒரு நீல வட்டம். முக்கோணம் அவன் பார்வை. வட்டம் அவன் காது. இரண்டுக்கும் வெளியே இருக்கிற வரை நீ அந்த உலகத்தில் இல்லவே இல்லை. தப்பித்தவறிப் பட்டுவிட்டால் அவன் தலைக்கு மேல் சிவப்புப் புள்ளி எரியும், தேடிக்கொண்டு வருவான். வைக்கோலுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். முப்பது நொடி. புள்ளி அணைந்துவிடும். காற்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழைய பாதைக்கே திரும்பிவிடுவான். பக்கத்துக் காவலன் கீழே விழுந்து கிடந்தாலும் அதே முப்பது நொடிதான்.

பிளஸ் ஒன்னிலிருந்து அதை விளையாடுகிறேன். கேம் விளையாடினால் பிள்ளைகள் கெட்டுப்போகும், கத்தியைத் தூக்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் கத்தியைத் தூக்கவில்லை. எனக்கு நடந்தது வேறு. பனியில் சிக்கிய ஊருக்குக் கஞ்சி பங்கிடும் கேம் ஒன்றை ஒரு கோடை விடுமுறை முழுக்க விளையாடிய பிறகு, ரேஷன் கடையில் எடை போடுகிறவரின் முகத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. யாருக்கு மறுப்பது என்று இவர் ஒவ்வொரு நாளும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்று தோன்றும். அது நல்ல மாற்றம் என்றே இன்றும் நினைக்கிறேன். கோட்டை கேம் செய்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. அது எனக்கு மனிதர்களை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது. காப்பாற்ற வேண்டியவர், காவலர். மூன்றாவதாக ஒருவரும் இல்லை.

கிராஃப் நோட்டில் ஊரை வரைந்தேன். டீக்கடை, மருந்துக் கடை, மில் கேட், மேல வீட்டு அத்தை மாடியில் துணி காயப்போடும் நேரம், எந்தப் பஸ் கண்டக்டர் பெரியப்பாவுக்கு வணக்கம் வைப்பவர், எல்லாம் அதில் ஏறியது. ஒரே ஸ்டாப்பில் அடுத்தடுத்து இரண்டு முறை ஏறக்கூடாது. யாராவது உற்றுப் பார்த்துவிட்டால் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். முப்பது நொடியை ஒரு வாரமாக நீட்டியதற்கே என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "நீ படிச்சு எஞ்சினியர் ஆவேன்னு பார்த்தா களவாணி ஆயிருவ போலயே."

"ரெண்டுக்கும் பிளான் வேணும்ல."

"இதென்ன, அப்பாவுக்கு மட்டும் இம்புட்டுக்காணு சின்ன வட்டம் போட்டிருக்க?"

"அவிய காதுக்கு அம்புட்டுதான்."

அப்பா இருபத்தாறு வருஷமாக நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த இழையை ஒட்ட வேண்டும். அந்தச் சத்தம் அவர் காதில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. டிவியை ஊரே கேட்கும்படி வைப்பார். அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுவாள். அதனால் எங்கள் திட்டங்களை எல்லாம் நடுக்கூடத்திலேயே, டிவி ஓடும்போது, அவருக்கு எட்டடி தள்ளி உட்கார்ந்து பேசினோம். கிசுகிசுப்பாகத்தான். அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நாங்கள் பேச ஆரம்பித்ததும் சில சமயம் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார். காவலன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான், நல்ல நேரம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்று மாதம் எல்லாம் சரியாக நடந்தது. இப்போது யோசித்தால், நான் அதை ரசித்தேன் என்பதுதான் உறுத்துகிறது. அக்காவுக்கு ஒவ்வொரு பயணமும் பயம்தான். பஸ்ஸில் ஏறும் முன் பாத்ரூமுக்கு இரண்டு முறை போவாள். எனக்கோ அது லெவல் மூன்று, லெவல் நான்கு.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைக்கோயிலான திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க ஜில்லாவே கிளம்பும். கூட்டத்தைவிட நல்ல வைக்கோல் போர் கிடையாது. அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டே கிளம்பினோம். உண்டியலில் போட அம்மா பத்து ரூபாய் முடிந்து கொடுத்தாள். மலைப்படிக்கட்டில் பாதி தூரத்தில் டைப்பிங்காரர் காத்திருந்தார். ஒல்லியானவர். விரல் நுனியில் மை அழியாமல் இருக்கும். விண்ணப்பத்தை அவரே டைப் அடித்து, இரண்டு பேர் போட்டோவையும் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் புதன்கிழமை கொண்டுவர வேண்டும். சாட்சிக்கு ஆள் தயார். புதன்கிழமை முடிந்துவிடும்.

அரைமணி நேரம் அவர்கள் படியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் நாலு படி கீழே நின்று, ஏறி வருகிறவர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை யார் பார்த்தார்கள் என்பதை மட்டும்தான் பார்த்தேன். அதன் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினோம். கால் வைக்க இடமில்லை. அக்கா முன்பக்கம் பெண்கள் நிற்குமிடத்தில், நான் நடுவில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மடியில் புதிதாக மொட்டை போட்ட குழந்தை, அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பையக் குடும்மா. எம்புட்டு நேரந்தான் தூக்கிக்கிட்டு நிப்ப."

அக்கா கொடுத்துவிட்டாள். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. குழந்தையையே கொடுப்பார்கள். பையில் விண்ணப்பம் இருந்தது, ஆதார் ஜெராக்ஸ் இருந்தது, சர்டிபிகேட் இருந்தது. ஆனாலும் கை தானாக நீண்டது. என் கிராஃப் நோட்டில் இந்தக் கைக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.

பாதி வழியில் ஒரு மில் ஸ்டாப்பில் பஸ் வேகம் குறைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. எத்தனையோ நூறு மணி நேரம் பழகிய விரல்கள் எனக்குள் தாமாக அசைந்தன. காவலன் ஒரு கதவால் வந்தால் நீ மறு கதவால் வெளியேறு. கூட்டத்தைப் பிளந்து முன்னே போனேன்.

"எக்கா, எறங்கு. எறங்கு, பெரியப்பா."

முன்வாசல் வழியாகக் குதித்தோம். பெரியப்பா பின்வாசலில் ஏறினார். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கியதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "முடிஞ்சது" என்று நான் கையைத் தட்டினேன். அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே," என்றாள். "பை."

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். இதை நான் கண்டுபிடிக்கவே பல வாரங்கள் ஆயின. அன்று நாங்கள் இறங்கியிருக்கவே வேண்டாம். புரட்டாசி சனிக்கிழமை, திருவண்ணாமலை போய்விட்டு என்னோடு வரும் தம்பி மகளைப் பஸ்ஸில் பார்த்தால் பெரியப்பா என்ன கேட்டிருப்பார்? கூட்டம் எப்படி என்று கேட்டிருப்பார். டிக்கெட்டும் அவரே எடுத்திருப்பார். எங்களிடம் அன்று உண்மையான காரணம் இருந்தது, அம்மா முடிந்து கொடுத்த பத்து ரூபாயை உண்டியலில் போட்ட சாட்சி இருந்தது. ஒளிய வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் நான் ஒளிந்தேன். பெரியப்பா தலைக்கு மேல் சிவப்புப் புள்ளி எரியவே இல்லை. நான்தான் எரியவைத்துக்கொண்டேன்.

அக்காவை அடுத்த பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, பைக்கில் வந்த ஒருவரை நிறுத்தி ஏறிக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினேன். ஸ்டாண்டுக்குப் போனபோது பஸ் காலியாக நின்றது.

"மொட்டை போட்ட பிள்ளையோட ஒரு அம்மாவா?" கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இன்னிக்கு இந்த வண்டியில மொட்டை போடாத தலையே நாலுதான். அதுல ஒண்ணு என்னுது."

பக்கத்தில் நின்ற டிரைவர் சிரித்தார். நான் ஸ்டாண்டை மூன்று முறை சுற்றினேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாத்தூர்க்காரர்கள் எப்போது நிச்சயத்துக்கு வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியில். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் அக்காவின் பை.

"இந்த வீடுதானேம்மா? ரெண்டு தெரு மாத்திப் போயிட்டேன். டீக்கடையிலதான் வழி கேட்டேன்."

பஸ்ஸிலேயே காத்திருந்து பார்த்தாராம். பிறகு விலாசம் இருக்குமா என்று பையைத் திறந்தாராம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். நெற்றியில் வேர்வை. ஆதார் ஜெராக்ஸை எடுத்து அம்மா கையில் கொடுத்தார், அதோடு சேர்த்து மற்றதையும்.

"கல்யாணப் பேப்பரும்மா. போட்டோல்லாம் ஒட்டியிருக்கு. இது தொலைஞ்சா பிள்ளைங்க எம்புட்டு அலையணும். நான் ஒரு மனு குடுத்துட்டு ஒரு வருசம் அலைஞ்சிருக்கேன், எனக்குத் தெரியும்ல. அதான் வேற யாரு கையிலயும் குடுக்காம நானே கொண்டாந்துட்டேன்."

அவர் தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அக்காவைத் தேடி, அறை வாசலில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தார். "பதறிட்டியாம்மா? நல்லா இரு" என்றார். போய்விட்டார்.

விண்ணப்பம் அம்மா கையிலிருந்து பெரியப்பா கைக்குப் போனது. அவர் பெயர்களைப் படித்தார். தகப்பன் பெயரைப் படித்தார். ஊரைப் படித்தார். பிறகு எழுந்தார். அம்மா கதவைச் சாத்தினாள். பெரியப்பாதான் அடித்தார். நான் நடுவே போனதில் எனக்கும் விழுந்தது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கையில் பேப்பர் அப்படியே இருந்தது. அவர் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்கு நாலு பேர் போனார்கள். கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாராம். டைப்பிங்காரருடைய வலது கையில் இரண்டு விரல் உடைந்தது. அந்த வாரமே திருப்பூர் போய்விட்டார். அக்காவின் போன் பெரியப்பாவிடம். வேலைக்குப் போக வேண்டாம் என்றாகிவிட்டது. சாத்தூர்க்காரர்களுக்கு எப்படியோ தெரிந்து அவர்கள் வரவில்லை, அதற்கும் அவள்தான் காரணம் ஆனாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி உள்ளே ஒரு ஊரில் இருக்கும் அத்தை வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டார்கள். வேறு இடம் அமைகிற வரைக்கும் என்றார்கள். அது நடந்து ஏழு மாதம் ஆகிறது.

நான் படிப்பை முடித்தேன். அக்கா வேலை பார்த்த மாதிரியே வேறொரு பேண்டேஜ் கம்பெனியில், ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் வேலை. தினமும் டீக்கடையைக் கடந்துதான் போக வேண்டும்.

"ஏலே, ஒங்க அக்கா எப்படி இருக்கா?" என்பார் பெரியப்பாவின் சிநேகிதர், டம்ளருக்கு மேலாக.

"நல்லா இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

மூன்று வரிப் பேச்சுதான். பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவார். பெஞ்சில் இருக்கும் மற்ற இருவர் சிரிப்பை டீயோடு விழுங்குவார்கள். இந்த ஊரில் யாருக்கும் எந்தப் புள்ளியும் அணைவதில்லை. எங்கள் தெருவிலேயே முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன ஒருத்தியைப் பற்றி, அவள் பேத்தி பள்ளிக்கூடம் போகிற இந்தக் காலத்திலும், நேற்று நடந்ததுபோல் பேசுகிறார்கள்.

சும்மா இருக்க முடியாமல் நானே ஒரு கேம் செய்து பார்த்தேன். சின்னதுதான், மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு ஊர், ஒரு பஸ் ஸ்டாண்டு, பத்துக் காவலர்கள். எழுதும்போதுதான் தெரிந்தது, காவலன் மறப்பது என்பது புரோகிராமில் ஒரே ஒரு வரி. ஒரு எண். நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். ஒருவன் பார்த்தால் மறக்க மாட்டான், பத்து பேரிடமும் சொல்லிவிடுவான். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் விளையாடக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இதுல எப்படிலே ஜெயிக்க? வழியே இல்லையே" என்றான் ஒருவன். நானும் முப்பது நாற்பது தடவை ஆடிப் பார்த்துவிட்டேன். முதல் தெருவைத் தாண்ட முடியவில்லை.

போன வாரம் அத்தை மகள் அவளுடைய போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை, வேறொரு இடம் பேசுகிறார்கள், இரண்டாம் தாரமாக. அக்கா சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று. 'என் சர்டிபிகேட்ட மட்டும் பத்திரமா வச்சிரு.'

அன்று சாயங்காலம் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். அப்பா கூடத்தின் அந்தக் கோடியில், டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், நான் குரலே எழுப்பவில்லை. வெறும் உதட்டால் சொன்னேன். "அக்கா சாப்பிட மாட்டேங்குதாம்."

"எத்தன நாளா?" என்று அப்பா கேட்டார்.

நான் திரும்பினேன். டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப்பா கேட்டுச்சு?"

"கேக்கல." ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். "அந்த மெஷினுக்கு நடுவுல எவன்டா தொண்டையால பேசுவான்? அந்தக் கோடியில இருக்கவன் இந்தக் கோடிக்குப் பேசுனாலும் ஒதடுதான். இருபத்தாறு வருசம்."

நடுக்கூடம். எட்டடி. மூன்று மாதம்.

"அப்ப நாங்க பேசுனதெல்லாம்..."

"கோர்ட்டு. ஜெராக்ஸ் கடை. புதன்கிழமை." அப்பா சுவரைப் பார்த்தார். "எல்லாந் தெரியும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொறவு ஏம்பா ஒண்ணும் சொல்லல?"

ரிமோட்டை நாற்காலிக் கைமேல் வைத்தார். "தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா நான் ஏதாவது செய்யணும்ல. எங்கண்ணன்கிட்ட சொல்லணும், இல்லன்னா அவருக்கு எதுத்து நிக்கணும். தெரியாதவனா இருந்தா ரெண்டும் வேண்டாம். புதன்கிழமை தாண்டிட்டா சரின்னு இருந்தேன். அந்தப் பொம்பள அவரு முன்னாடி விரிச்சுக் காட்டிட்டுப் போயிருச்சு. பொறவு நான் எங்க பேப்பரத் தூக்க?"

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அன்னிக்கு அடிக்கும்போதாவது வந்திருக்கலாம்லப்பா."

அவர் என் வாயிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். கண்ணை எடுத்துவிட்டால் அவருக்குக் கேட்காது.

அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் கிராஃப் நோட்டை எடுத்து, அவர் நாற்காலி இருந்த கட்டத்தைப் பார்த்தேன். அவரைச் சுற்றி ஒரு சின்ன நீல வட்டம் போட்டு, 'பிரச்சினை இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டிலேயே ஒரு ஆள் எங்களுக்காகப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை மறுபடியும் பேப்பரைத்தான் தூக்கியிருப்பார். ஆனால் பேசிப் பார்க்கவே இல்லையே. காவலனிடம் போய்ப் பேசுவதற்கு எந்த பட்டனும் இல்லாத ஒரு கேமைத்தான் நான் பழகியிருந்தேன்.

நேற்று திருப்பூருக்குப் போன் செய்தேன். இரண்டு விரலும் வளைந்தே கூடிவிட்டன, டைப் அடிக்க வராது, பனியன் கம்பெனியில் நிற்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அங்க வரணுமா?" என்று கேட்டார். குரலில் பயம் இருந்தது, மறைக்கவில்லை. முதலில் அவள் வெளியே வரட்டும், அவளே உங்களிடம் பேசட்டும் என்றேன். சர்டிபிகேட்டை அந்தப் பழைய பையிலேயே வைத்திருக்கிறேன்.

நாளை சனிக்கிழமை. அப்பாவுக்கு நைட் ஷிப்ட், காலை எட்டு மணிக்கு முடியும். சங்கு ஊதுவதற்கு முன்பே மில் கேட்டுக்குப் போய் நிற்கப் போகிறேன். டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், நடு ரோட்டிலேயே போவேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே சைக்கிள், பைக், பஸ், உள்ளே மெஷின் என்று ஒரு வார்த்தை காதில் விழாது. அப்பா கேட்டுக்கு வெளியே வந்ததும் நேர் எதிரே நின்று, குரல் எழுப்பாமல், உதட்டால் சொல்வேன். "ஒம்போது மணிக்கு வில்லிபுத்தூர் பஸ் இருக்கு. வாங்க, ரெண்டு பேரும் போய் அக்காவக் கூட்டிட்டு வருவோம். முன்வாசல் வழியாவே போவோம்." அவர் கண்ணை எடுத்துக்கொண்டால், எந்தப் பக்கம் எடுக்கிறாரோ அந்தப் பக்கம் போய் நின்று மறுபடியும் முதலிலிருந்து சொல்வேன். ஒன்பது மணிப் பஸ் போய்விட்டால் ஒன்பதரைக்கு ஒன்று இருக்கிறது.